வீட்டுக்கு ஒரு கிளீனர்

அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின் சக்கரத்தைச் செருப்புக் காலால் எத்தினார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். நிமிர்ந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எத்தன டன்னு?"

வீட்டைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? நான் வாங்கியிருந்தது வீடு. அப்படிச் சொல்லித்தான் மனைவியிடம் அனுமதி வாங்கியிருந்தேன். மூன்று அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ், நின்றால் குளியலறையாகவும் உட்கார்ந்தால் கழிப்பறையாகவும் மாறிக்கொள்ளும் ஓர் அலமாரி, "ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம்" என்று விற்றவர் சொன்ன, நான்கு பேர் படுத்தால் ஒருவர் புரள மற்ற மூவரின் சம்மதம் தேவைப்படும் படுக்கைகள். எல்லாவற்றையும் 25 அடி நீளத்தில் அடைத்துச் சக்கரம் மாட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் இதற்கு மோட்டார் ஹோம் என்று பெயர். செல்லமாக ஆர்.வி. என்பார்கள். எங்களுடையது 1986 மாடல். என் மனைவியை விட ஒரு வயது மூத்தது என்று விளையாட்டாகச் சொன்னேன். அந்த வாரம் அதற்குப் பிறகு விளையாட்டு எதுவும் நடக்கவில்லை.

"ஒரு அஞ்சு டன் இருக்குங்ப்பா, தண்ணியெல்லாம் ரொப்பினா" என்றேன்.

"முன்னாடி ரெண்டு, பின்னாடி நாலு. சிக்ஸ் வீலு. அஞ்சு டன்னு. இது லாரிங் கண்ணு" என்றார் அப்பா. தீர்ப்பு எழுதி முடித்த நீதிபதி மாதிரி உள்ளே போய்விட்டார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்காரர். எங்கள் ஊரில் கோழி முட்டையிடும். மற்ற எல்லாரும் லாரி ஓட்டுவார்கள், அல்லது லாரிக்கு பாடி கட்டுவார்கள். அப்பா 35 வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினார். அவர் பார்க்காத மாநிலம் கொஞ்சம், தூங்காத செக்போஸ்ட் அதைவிடக் கொஞ்சம். மகன் ஸ்டியரிங் பக்கமே வரக்கூடாது என்று என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். படித்தேன், டென்வர் வந்தேன், 7,000 டாலர் கொடுத்து ஒரு பழைய ஸ்டியரிங்கை வாங்கி வாசலில் நிறுத்தினேன். ஆறு மாத விசாவில் வந்து, சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியே காலித் தெருவை வெறித்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் முறையாக ரத்தம் ஓடியது.

திட்டம் என்னுடையது. டென்வரிலிருந்து மேற்கே ராக்கி மலைகளைக் கடந்து, கொலராடோவின் தென்மேற்கு மூலைக்குப் போய், வேறு வழியாகத் திரும்புவது. சுமார் 800 மைல், ஒன்பது நாள். பத்தாயிரம், பதினோராயிரம் அடி உயரக் கணவாய்கள் வழியில் வரிசையாக உண்டு. ஊட்டியே ஏழாயிரத்துச் சொச்சம் அடிதான். நாங்கள் கிளம்புகிற டென்வர் 5,280 அடி. அதாவது வாசலிலிருந்து வண்டியை எடுக்கும்போதே ஏறக்குறைய குன்னூர்ப் பக்கம் நிற்கிறோம், மலை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் அப்பா ஒரு வாரம் வண்டியைக் குடைந்தார். ஓடோமீட்டர் 62,000 மைல் காட்டியது. "ரொம்ப ஓடலீங்ப்பா" என்றேன் பெருமையாக. அப்பா கண்ணாடிக்கு அருகில் போய் இலக்கங்களை எண்ணினார். ஐந்துதான் இருந்தன. ஒரு லட்சம் மைல் ஓடியதும் பழையபடி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும் ரகம். "இது எத்தனாவது அறுபத்திரண்டாயிரம்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை.

அடுத்தது டயர். ரப்பரில் தேய்மானமே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது என்று விற்றவரும் சொன்னார், நானும் நம்பினேன். டயரின் பக்கவாட்டில் பொடியாக நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் அது பிறந்த வாரம், கடைசி இரண்டும் வருடம். எங்கள் டயரில் 2309. அதாவது 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாமலே நின்று வெயிலில் காய்ந்து, உள்ளுக்குள் முறுக்காய்ப் போன டயர். பழைய மோட்டார் ஹோம்கள் டயர் தேய்ந்து சாவதில்லை. நின்று நின்றே சாகின்றன. "பாப்பாவுக்கு அக்கா இது. கட்டிக் குடுத்து அனுப்பிரு" என்றார் அப்பா, என் மகளைக் காட்டி. ஆறு டயரும் மாற்றினோம். வண்டி விலையில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. வீடு வாங்கினால் சுண்ணாம்பு அடிப்பதில்லையா என்று மனைவியிடம் சமாதானம் சொன்னேன்.

கிளம்பும் நாள் ஆறு டயருக்கும் ஆறு எலுமிச்சம்பழம். மகள் எண்ணி வைத்தாள். எதிர்வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் பழங்களை நசுக்கிக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்தார். வண்டியில் ஏதோ ஒழுகுகிறது என்று என்னிடம் கையைக் காட்டினார்.

இனி உட்கார்ந்த வரிசை. இது முக்கியம். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடது பக்கம். அப்பா வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். 35 வருடம் வலது பக்கம் உட்கார்ந்தே பழகிய மனிதர். எல்லாம் சரியாக இருந்தது, எதிரே ஸ்டியரிங் இல்லாததைத் தவிர. ஒன்பது நாளும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அந்தப் பக்கத்துத் தரைவிரிப்பில் இப்போது ஒரு குழி இருக்கிறது.

"நீ டிரைவரு. நான் கிளீனரு. பின்னால வண்டி வந்தா சொல்றேன்" என்றார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெட்டி. அதற்குள்தான் எஞ்சின். அமெரிக்கர்கள் அதை நாய்வீடு என்கிறார்கள். உள்ளே இருப்பது 7.5 லிட்டர், 8 சிலிண்டர். நாயின் சுபாவமும் ஓரளவு உண்டு. நம் ஊர் லாரிகளிலும் கேபினுக்குள் எஞ்சின் மேடு இப்படித்தான் நடுவில் இருக்கும். அப்பா அதைத் தட்டிக் கொடுத்து, மேலே துண்டை விரித்து, ஃபிளாஸ்க்கை வைத்தார். அந்த நிமிடத்தில் வீடு தோற்றுவிட்டது. அதன்பிறகு நடந்ததெல்லாம் லாரிப் பயணம்தான். மனைவி மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

டென்வரிலிருந்து 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் 60 மைல் போனால் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை. 1973-இல் திறந்தது. 11,158 அடி உயரத்தில் மலையின் வயிற்றைக் குடைந்து 1.7 மைல் நீளத்துக்குப் போட்ட ரோடு. அந்த 60 மைலில் ஏறக்குறைய ஆறாயிரம் அடி ஏற வேண்டும்.

எஞ்சின் என்பது காற்றைத் தின்று வாழ்கிற பிராணி. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் வீதம் சக்தி குறையும். பதினோராயிரம் அடியில் மூன்றில் ஒரு பங்கு காலி. எட்டு சிலிண்டரில் இரண்டரையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்த மாதிரி. அதுவும் எங்களுடையது கார்பரேட்டர் வண்டி. காற்று குறைந்தது அதற்குத் தெரியாது. கீழே ஊற்றிய அளவிலேயே மேலேயும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். இலையில் சாப்பிட ஆளில்லாத போதும் பரிமாறிக்கொண்டே போகிற கல்யாண வீட்டு ஆள் போல. பின்னால் கரும்புகை, உள்ளே பெட்ரோல் வாசனை, வேகம் மணிக்கு 28 மைல். நான்கு விளக்கும் மினுக்மினுக்கென்று எரிய, வலது ஓரமாக ஊர்ந்தோம்.

ஒரு பதினெட்டுச் சக்கர லாரி முழு லோடுடன் எங்களைத் தாண்டிப் போனது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"லோடு லாரி முந்துது" என்றார் சற்று நேரம் கழித்து. சாவு வீட்டில் பேசுகிற குரல்.

சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. அப்பா சொன்னார், "ஹீட்டரப் போடு."

ஜூலை மாதம். வெளியே 30 டிகிரி. மனைவி பின்னாலிருந்து, "மாமா, ஏசியைச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். இல்லை, ஹீட்டரைத்தான். கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் என்பது எஞ்சினின் வெந்நீர் ஓடுகிற இன்னொரு குட்டி ரேடியேட்டர். அதை முழுசாகத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் நம் தலையில் இறங்கும், எஞ்சின் பிழைக்கும். தர்மத்தில் சிறந்த தர்மம். செய்து பார்த்தால்தான் தெரியும். போட்டேன். முள் இறங்கியது. நாங்கள் நால்வரும் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தோம்.

உவமை யதேச்சையாக வரவில்லை. இட்லி மாவு ஒரு மூடிய டப்பாவில், படுக்கைக்குக் கீழே இருந்தது. டென்வர் குளிரில் இரண்டு நாள் வைத்தாலும் புளிக்காத மாவு, அந்த ஹீட்டர் வெக்கையில் நாமக்கல் சித்திரை மாதம் வந்துவிட்டதாக நினைத்துப் பொங்கத் தொடங்கியிருக்கிறது. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முறுக்குப் பாக்கெட்டுகள் எல்லாம் தலையணை மாதிரி உப்பி நின்றபோதே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும்.

சுரங்கப்பாதையின் நடுவே, பின்னால் "டப்" என்று ஒரு வெடி.

"டயரு!" என்று கத்தினார் அப்பா. வலது காலால் இல்லாத பிரேக்கை ஏறி மிதித்தார். சுரங்கத்துக்குள் நிறுத்த முடியாது, ஓரமும் கிடையாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தேன், வண்டி இழுக்கவில்லை. ஆறில் எது போயிற்று, பின் ஜோடியில் உள் டயரா வெளி டயரா என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருக்கையில், மகள் நிதானமாகச் சொன்னாள்: "டயர் இல்ல தாத்தா. இட்லி."

மூடி கூரையில் அடித்துவிட்டுத் திரும்பியிருந்தது. மாவு, ஜன்னல் திரையில் தொடங்கி என் அலுவலக மடிக்கணினிப் பை வரை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளிலேயே மிக உயரமானவற்றுள் ஒன்றில், மனைவி முட்டி போட்டு மாவு வழித்துக்கொண்டே மலையின் மேற்குப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். வெளியே வந்ததும் பனிச்சிகரங்கள் தெரிந்தன. பார்க்கச் சொன்னேன். பார்க்கவில்லை.

ஏறுவது அவமானம், இறங்குவதுதான் ஆபத்து. சுரங்கத்தை விட்டு வெளியேறியதும் எட்டு மைலில் இரண்டாயிரம் அடிக்கு மேல் சரிவு. எனக்குத் தெரிந்த இறங்கும் முறை ஒன்றுதான்: பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வருவது. இரண்டு மைலில் வாசனை வந்தது. கருகிய வாசனை. இட்லி என்று நினைத்தேன்.

"கால எடு" என்றார் அப்பா. இதுவரை கேட்ட குரல் இல்லை. கிளீனர் வேலையை ராஜினாமா செய்த குரல். "ரெண்டாவது கியருக்குத் தள்ளு."

ஆட்டோமேட்டிக் வண்டிதான். ஆனால் ஸ்டியரிங் பக்கத்துத் தண்டில் ஒன்று, இரண்டு என்று அடையாளம் இருக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன், ரேடியோ சம்பந்தப்பட்டது என்கிற அளவுக்கு அதை மதித்திருந்தேன். தள்ளினேன். எஞ்சின் நாய்வீட்டுக்குள்ளிருந்து ஊளையிட்டது. பழைய எஞ்சின், இப்படிக் கத்தினால் உடைந்துவிடாதா என்று கேட்டேன்.

"கத்தட்டும். கத்துற வரைக்கும் அது உன் கையில இருக்குது. சத்தமில்லாம எறங்குற வண்டிதான் எமன். ஏறின கியர்லயே எறங்கோணும். பிரேக்க அமுத்துனா நல்லா அமுத்து, வேகம் கொறஞ்சதும் விட்டுரு. தடவிக்கிட்டே வராதே. கொதிச்சுப் போச்சுன்னா மிதிக்கறதுக்குப் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது."

நான்கு வருடம் பொறியியல் படித்தவனுக்கு உராய்வு வெப்பம் பற்றி நான்கு வரியில் பாடம்.

சரிவின் பாதியில், சாலையிலிருந்து பிரிந்து மலைமேல் ஏறுகிற ஒரு சரளைக்கல் பாதை வந்தது. எங்கும் போகாத பாதை. மேலே ஏறி அப்படியே முடிந்துவிடும். பிரேக் போன லாரிகள் ஓடிப் புதைந்து நிற்பதற்காகப் போட்டு வைத்தது என்றேன். அப்பா தலையை வெளியே நீட்டி, அது மறையும் வரை பார்த்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "தொப்பூர்" என்றார்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே இருக்கிற தொப்பூர்க் கணவாய், லாரி வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொல்கிற பெயர். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள் மேல் போய் விழுந்த லாரிகள் எத்தனையோ. அப்பா அங்கே தன் சிநேகிதர்களில் இருவரை விட்டுவிட்டு வந்தவர்.

அடுத்த இரண்டு நாளை வேகமாகக் கடந்துவிடலாம், நாங்கள்தான் கடக்கவில்லை. வேய்ல் கணவாய், 10,662 அடி. பிறகு கொலராடோ ஆற்றை ஒட்டி கிளென்வுட் பள்ளத்தாக்கு, அழகு. பிறகு கிராண்ட் ஜங்ஷன், அனல். அங்கே ஒரு தனியார் முகாமில் இடம் கேட்டுப் போன் செய்தபோது, வண்டிக்கு என்ன வயது என்று கேட்டார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சில இடங்களில் சேர்ப்பதில்லையாம். போட்டோ அனுப்பினால் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். "பொண்ணு பாக்கறாங்களா?" என்றார் அப்பா. வண்டியைக் கழுவி, வெயில் சாயும் நேரத்தில், துருப்பிடித்த பக்கம் தெரியாமல் நிறுத்தி மனைவி படம் எடுத்தாள். ஜாதகம் பொருந்தவில்லை. அரசாங்க முகாம் ஒன்றில் தங்கினோம். அங்கே யாரும் வயது கேட்கவில்லை.

அங்கேதான் அப்பா கழிவுத் தொட்டியை வெளியேற்றும் சடங்கை முதலில் பார்த்தார். தடித்த குழாயை வண்டியின் அடியில் மாட்டி, மறுமுனையைத் தரைத் துளையில் விட்டு, நான் கையுறையோடு நெம்புகோலை இழுத்தேன். "சமையக்கட்டு, சாமி படம், கக்கூசு, மூணையும் ஒரே லோடுல ஏத்தியிருக்கற. நான் சிமெண்டோட முட்டையே ஏத்த மாட்டேன்" என்றார்.

யூரே என்கிற சின்ன மலை ஊரிலிருந்து சில்வர்ட்டன் வரை 25 மைல். இந்த 550-ஆம் எண் சாலைக்கு மில்லியன் டாலர் நெடுஞ்சாலை என்று பெயர். 1880-களில் ஓட்டோ மியர்ஸ் என்பவர் சுரங்கங்களுக்காக மலையைச் செதுக்கிச் சுங்கச்சாலை போட்டார். 1920-களில் அது மோட்டார் வண்டிகளுக்காகத் திருத்தப்பட்டது. ஒரு மைலுக்கு மில்லியன் டாலர் செலவு என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ரோட்டுக்குக் கொட்டிய மண்ணிலேயே மில்லியன் டாலர் தங்கம் கலந்திருந்தது என்றும் சொல்வார்கள். எனக்கு மூன்றாவது ஒரு விளக்கம் இருக்கிறது: அந்த வழியாக ஒரு முறை போனவரிடம் மறுபடி போகச் சொன்னால் கேட்கிற தொகை.

அந்தச் சாலையின் சிறப்பு, ஓரத்தில் தடுப்பு கிடையாது. குளிர்காலத்தில் பனியைத் தள்ளிப் பள்ளத்தில் விட வேண்டும். தடுப்பு இருந்தால் பனி தேங்கும். நியாயமான காரணம். ஆனால் ஜூலையில் எங்களுக்குப் பனி இல்லை, பள்ளம் மட்டும் இருந்தது. வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குப் பள்ளத்தை ஒட்டிய வழி. அதாவது வலது பக்கம். அதாவது அப்பாவின் பக்கம். அவருடைய ஜன்னலில் ரோடு தெரியவில்லை; வெள்ளைக் கோடும் தெரியவில்லை; நூற்றுக்கணக்கான அடி கீழே ஓடுகிற தண்ணீர் மட்டும் தெரிந்தது.

எங்கள் வண்டியின் ஸ்டியரிங் முப்பது டிகிரி திரும்பிய பிறகுதான் தகவல் முன்சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நேரே போகவே நான் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு வந்தேன், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகன் கார் ஓட்டுவது போல. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் ஓர் அலமாரி திறந்துகொள்ளும். தட்டுகள் விழும். டம்ளர் உருளும். கடைசி வளைவில் குக்கர் புறப்பட்டு வந்து நாய்வீட்டில் மோதி நின்றது.

"நிறுத்து" என்றார் அப்பா. ஓர் ஒதுக்கிடம் கிடைத்தது. இறங்கிப் போய், டென்வரில் வாங்கி வைத்திருந்த கயிற்றை எடுத்து வந்தார். ஒவ்வொரு அலமாரியையும் லோடு கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கினார். மஞ்சள்தூள் டப்பா முதல் பிள்ளையார் படம் வரை எதுவும் தப்பவில்லை. அன்றிலிருந்து காபி போட வேண்டுமென்றால் மனைவி முதலில் மாமாவை எழுப்ப வேண்டும். அந்த முடிச்சு அவருக்கு மட்டும்தான் அவிழும்.

மேலே போகும் வழியில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பனி தள்ளும் வண்டி ஓட்டி, இந்தச் சாலையில் பனிச்சரிவுக்குள் சிக்கி இறந்தவர்களுக்கானது. என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார். சொன்னேன். "டிரைவருங்க" என்று மட்டும் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நானும் கழற்றினேன்.

சிவப்பு மலைக் கணவாய், 11,018 அடி. தாண்டிவிட்டோம். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பாவின் வலது கால் மரத்துப் போயிருந்தது.

சில்வர்ட்டனில் மழை. இந்த மலைகளில் ஜூலை, ஆகஸ்ட் மதியம் இடி மழை அநேகமாகத் தினப்படி ஏற்பாடு. பழைய மோட்டார் ஹோமுக்கு ஒழுகுவது என்பது மனிதனுக்கு முழங்கால் வலி மாதிரி. வயது சொன்னால் போதும், டாக்டர் எந்த இடம் என்று சொல்லிவிடுவார். ஓட்டுநர் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் படுக்கை, அதன் முன் ஜன்னல் ஓரம். என் படுக்கை. ராத்திரி பதினோரு மணிக்கு நெற்றியில் முதல் சொட்டு.

"தார்ப்பாய் எங்க?" என்றார் அப்பா இருட்டிலிருந்து.

"வீட்டுக்கு எதுக்குங் மாமா தார்ப்பாய்?" என்றாள் மனைவி.

தார்ப்பாய் இல்லாத லாரியை அப்பா வாழ்க்கையில் பார்த்ததில்லை. அன்று இரவு, தலைக்கு மேல் குடையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபடி, அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். மறுநாள் கடை திறந்ததும் நீல நிறத்தில் ஒன்று வாங்கிப் போர்த்திக் கட்டினோம். அப்போதுதான் அது முழு லாரியானது. அப்பா சற்றுத் தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து ரசித்தார்.

சமையல் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்பதாயிரம் அடிக்கு மேல் தண்ணீர் 90 டிகிரிச் சொச்சத்திலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நம்பக்கூடாது. திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. பக்கத்து முகாமில் ஒரு குடும்பம் ஒரு மணி நேரமாக பீன்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தது. எங்களிடம் குக்கர் இருந்தது. முதல் விசில் அடித்ததும் அந்தக் குடும்பம் எழுந்து, எரிவாயு கசிகிறது என்று எங்கள் பக்கம் ஓடி வந்தது. சாம்பார் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியது.

சில்வர்ட்டனிலிருந்து தெற்கே மோலஸ் கணவாய், 10,910 அடி. படம் எடுக்க நிறுத்தினேன். ஏறிவந்த சூட்டோடு எஞ்சினை நிறுத்தியதுதான் தப்பு. இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், சுழல்கிறது, பிடிக்கவில்லை. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்புக்கு இழுக்க ஒன்றுமில்லாமல் போய்விடும். ஏறிய உயரத்தில் பெட்ரோலும் சீக்கிரம் கொதிக்கும். அம்பாசடர் காலத்து ஆட்களுக்கு இது தெரிந்த வியாதி.

அப்பா துண்டை நனைத்துக்கொண்டு பானெட்டுக்குள் இறங்கினார். அந்த நேரம் பக்கத்தில் வந்து நின்ற ஒரு பழைய பிக்கப் வண்டியிலிருந்து, வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் இறங்கினார். எட்டிப் பார்த்தார். பேசாமல் திரும்பிப் போய், ஒரு கை நிறைய மரத்தால் ஆன துணி கிளிப்புகளைக் கொண்டுவந்தார். பெட்ரோல் குழாய் நெடுக அவற்றை வரிசையாகக் கவ்விவிட ஆரம்பித்தார். மரம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பது இங்கத்திய பழைய ஓட்டுநர்களின் சித்தாந்தம். இதற்கு ஆதாரம் கேட்டால் அடிதடிதான் மிஞ்சும்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தாடிக்காரருக்கு அதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒருவர் ஈரத் துண்டைச் சுற்றினார். மற்றவர் கிளிப்பைப் போட்டார். ஒருவர் கார்பரேட்டரைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். மற்றவர் தலையை ஆட்டி என்னைக் காட்டினார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டது. துண்டினாலா, கிளிப்பினாலா, அரைமணி நேரத்தினாலா என்று நான் கேட்கவில்லை. தாடிக்காரர் கிளிப்புகளை எங்களுக்கே கொடுத்துவிட்டார். அப்பா உப்பிய முறுக்குப் பாக்கெட் ஒன்றை அவரிடம் நீட்டினார்.

திரும்பும் வழியில் மற்ற கணவாய்கள்: உல்ஃப் கிரீக், ஃப்ரிமாண்ட். அதற்குள் எனக்குக் கை பழகிவிட்டது. ஏறும்போது ஹீட்டர், இறங்கும்போது இரண்டாவது கியர், பின்னால் ஐந்து வண்டி சேர்ந்தால் ஒதுங்கு, சூட்டோடு நிறுத்தாதே. அப்பா அதிகம் பேசவில்லை. உல்ஃப் கிரீக் இறக்கத்தில் ஒரு முறை திரும்பிப் பார்த்தால், தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வலது கால் தரையில் சும்மா கிடந்தது. லாரிக்காரர் வீட்டில் இதற்குமேல் சான்றிதழ் கிடையாது.

கடைசி நாள், டென்வருக்குச் சற்று முன். கீழே சமவெளி விரிந்து, நகரம் தெரிந்தது. மலை முடிந்துவிட்டது என்று கியரை மாற்றக் கையை எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு பெரிய மஞ்சள் பலகை: லாரி ஓட்டுநர்களே, ஏமாந்துவிடாதீர்கள், இன்னும் நான்கு மைல் செங்குத்தான இறக்கமும் வளைவும் இருக்கிறது. மகள் அதைத் தாத்தாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு எழுதுனாங்களோ, ஓட்டுனவன் எழுதுனது" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா அம்மிணி, கவருமெண்டே சொல்லுது. லாரின்னு."

வண்டி இப்போது விற்பனைக்கு இருக்கிறது. 1986 மாடல், ஆறு டயரும் புதுசு. ஓடோமீட்டர் 62,800 சொச்சம் காட்டும். எத்தனையாவது என்று கேட்காதீர்கள். தார்ப்பாய் ஒன்று, கயிறு, மரக் கிளிப்புகள் பதினொன்று இலவசம். அலமாரிகளில் இரண்டு இன்னும் திறக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் நேரில் வரவும். கிளீனர் சேர்த்தி இல்லை. அவர் விசா முடிந்து நாமக்கல் போய்விட்டார்.